போர் முடிந்த வீடு

ஜான் மெக்கஹெர்னின் 'அமங்ஸ்ட் விமன்' (1990) நாவலில் போர் எப்போதோ முடிந்துவிட்டது. 1919-21 அயர்லாந்து விடுதலைப் போரில் கெரில்லாப் போராளியாக இருந்த மோரன் இப்போது கிராமத்து விவசாயி. மூன்று மகள்கள், இரண்டு மகன்களுக்குத் தகப்பன். ரத்தம் சிந்தியவர்கள் ஓரங்கட்டப்பட்டார்கள், பதவியை வேறு யாரோ அனுபவிக்கிறார்கள் என்ற கசப்பு அவருக்குத் தீரவே இல்லை. நாட்டில் கிடைக்காத அதிகாரத்தை வீட்டில் எடுத்துக்கொள்கிறார். இரவுதோறும் குடும்பமே மண்டியிட்டு ஜெபமாலை சொல்கிறது. அவர் முகத்தைப் பார்த்துத்தான் பிள்ளைகள் பேசுவதும் வாய்மூடுவதும். 'பெண்களுக்குள்' என்று பொருள்படும் தலைப்பும் மரியன்னைக்கான மன்றாட்டில் வருவதுதான்.

அரசியல் நாவல் என்றதும் நாம் துப்பாக்கியைத் தேடுகிறோம். இந்த நாவலில் நான் ஷீலாவின் படிப்பைப் பார்க்கச் சொல்வேன். மருத்துவம் படிக்க அவளுக்கு வாய்ப்பு வருகிறது. போருக்குப் பின் நன்றாகப் பிழைத்துக்கொண்டவர்கள் பாதிரியார்களும் மருத்துவர்களும்தான் என்பது மோரனின் மனக்கணக்கு. நேரடியாகத் தடுக்காமல், ஆதரவு தராமலேயே அவளைப் பின்வாங்க வைக்கிறார். அவள் டப்ளினில் அரசு வேலைக்குப் போகிறாள். மணமான பெண்கள் அரசு வேலையில் நீடிக்க முடியாது என்ற விதி அங்கே 1973 வரை இருந்தது. 1937 அரசியல் சட்டம் பெண்ணின் வாழ்வை வீட்டோடு சேர்த்தே எழுதியது. மோரனை ஏமாற்றிய அதே அரசு, மகள்கள் விஷயத்தில் அவரோடு ஒத்துப்போகிறது.

மூத்த மகன் லூக் லண்டனுக்குத் தப்பிவிடுகிறான். மகள்களோ திரும்பத் திரும்ப வீட்டுக்கு வருகிறார்கள். இரண்டாம் மனைவி ரோஸ், அவருடைய கோபத்துக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே நின்று வீட்டைக் காப்பாற்றுகிறாள். கடைசியில் கிழவர் தளர்ந்துபோக, மகள்களைக் கண்டு அவரே அஞ்சுகிறார். இதைப் பெண்களின் வெற்றி என்றுதான் வகுப்பில் பல ஆண்டுகள் சொல்லிவந்தேன்.

இப்போது அப்படிச் சொல்ல முடியவில்லை. வெளுத்துப்போன மூவண்ணக் கொடி போர்த்திய பெட்டியைப் புதைத்துவிட்டுத் திரும்பும்போது, மகள்கள் ஒவ்வொருவரும் தத்தம் வழியில் அப்பாவாகவே ஆகிவிட்டதாக நாவல் சொல்கிறது. அதிகாரம் கைமாறியிருக்கிறது, அதன் குணம் மாறவில்லை. அந்த ஐந்து பிள்ளைகளையும் பெற்று இறந்துபோன முதல் மனைவியைப் பற்றி நாவலில் ஏறக்குறைய எதுவுமே இல்லை. எந்த மகளும் அம்மாவாக ஆகவில்லை. அப்படி ஆவதற்கு, அந்த வீட்டில் அவளைப் பற்றிய பேச்சு மிஞ்சியிருக்க வேண்டுமே.