சிறுவர் திரைப்படமும் மரணத்தின் மெய்ம்மையும்

குடும்பத்தோடு காணத்தக்கவை என்று விளம்பரப்படுத்தப்படும் கற்பனைத் திரைப்படங்களை இறையியலாளர் பொருட்படுத்துவது அரிது. அவை சிறுவருக்கானவை, பொழுதுபோக்குக்கானவை, ஆகவே ஆழ்ந்து நோக்குதற்கு உரியன அல்ல என்பது நம்மிடையே நிலவும் எண்ணம். ஆனால் கடந்த சில ஆண்டுகளில் வெளிவந்த இத்தகைய படங்கள் சிலவற்றை அடுத்தடுத்துப் பார்க்குங்கால், சிறுவர் முன்னிலையில் பெரியவர்கள் பேசத் தயங்கும் ஒரு பொருளை அவை துணிந்து எடுத்துக்கொண்டுள்ளமை புலனாகிறது. அப்பொருள் மரணம்.

தாயை இழந்த சிறுவனுக்கு நாம் கூறுவது என்ன? அம்மா தூங்குகிறாள் என்கிறோம். ஊருக்குப் போயிருக்கிறாள் என்கிறோம். ஆண்டவர் அவளை எடுத்துக்கொண்டார் என்கிறோம். இம்மூன்றனுள் கடைசி விடை பக்தி மிகுந்ததாகத் தோன்றலாம். எனினும், தாயைப் பறித்துக்கொண்டவர் கடவுளே என்னும் எண்ணத்தைப் பிஞ்சு உள்ளத்தில் விதைப்பதும் அதுவே. அடக்க ஆராதனை முடிந்து அனைவரும் கலைந்தபின், அச்சிறுவன் அவ்விடையோடு தனித்து விடப்படுகிறான்.

இப்பின்னணியில் மூன்று படங்களைப் பற்றிய எம் கருத்துகளை உடன் ஊழியரோடும் மாணவரோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். அவை 'கோகோ' (2017), 'எ மான்ஸ்டர் கால்ஸ்' (2016), கியேர்மோ தெல் தோரோவின் 'பினோக்கியோ' (2022) என்பன. வெளிவந்த கால வரிசையை விடுத்து, கேள்வி ஆழமாகும் வரிசையில் அவற்றை எடுத்துக்கொள்வோம்.

1. 'கோகோ': நினைவு ஒன்றே வாழ்வா?

பிக்ஸார் நிறுவனம் தயாரித்து, லீ அன்கிரிச் இயக்கிய இந்த உயிரூட்டுப் படம், மெக்சிகோ நாட்டின் மரித்தோர் நாளைக் களமாகக் கொண்டது. நவம்பர் முதல் இரு நாள்களில் அந்நாட்டு மக்கள் இறந்தோரின் படங்களை வீட்டில் வரிசையாக வைத்து, செண்டுமல்லிப் பூவும் உணவும் படைத்து, அவர்களை வரவேற்கின்றனர். நவம்பர் 2-இல் கல்லறைகளுக்குப் பூவும் மெழுகுதிரியும் கொண்டு செல்லும் நம் மக்களுக்கு இக்காட்சி முற்றிலும் அயலானதன்று.

காலணி செய்யும் குடும்பத்தில் பிறந்த மிகேல் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் இசையை விரும்புகிறான். அவன் வீட்டிலோ இசைக்குத் தடை. அவனுடைய கொள்ளுப்பாட்டி கோகோ குழந்தையாயிருந்தபோது, அவள் தந்தை இசைக்காக வீட்டைவிட்டுப் போனவர். அதன் பின் திரும்பவில்லை. மிகேல் மரித்தோர் உலகுக்குள் புகுந்து, அத்தந்தை எக்தோர் குடும்பத்தை மறந்தவரல்லர், திரும்பி வரப் புறப்பட்டவேளையில் நண்பனால் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டவர் என்று கண்டறிகிறான். எக்தோர் மகளுக்கென்று இயற்றிய பாடலை, நினைவு மங்கிய மூதாட்டியான அம்மகளின் முன் மிகேல் பாடும் காட்சி படத்தின் சிகரம். முதுமையின் மறதியை இவ்வளவு மரியாதையோடு காட்டிய சிறுவர் படம் வேறொன்றை யாம் கண்டதில்லை.

ஆயினும் இப்படம் அமைக்கும் மரித்தோர் உலகை நாம் கூர்ந்து நோக்கவேண்டும். உயிரோடிருப்போர் நினைக்கும்வரையே அங்குள்ளோர் நிலைத்திருப்பர். கடைசியாக நினைக்கும் ஒருவரும் மறந்துவிட்டால் அவர்கள் இறுதியாக மறைந்துபோவர். அதன் விளைவு யாது? புகழ்பெற்ற பாடகனாகிய கொலைகாரன் காணிக்கைகள் குவியும் மாளிகையில் வாழ்கிறான். நினைப்பாரற்றோர் சேரியில் ஒடுங்கிக் கிடக்கின்றனர். சிச்சரோன் என்னும் ஏழை முதியவர் ஒரு பாடலைக் கேட்டவாறே ஒளி மங்கி இல்லாமற் போகிறார். இவ்வுலகின் ஏற்றத்தாழ்வு மறுமையிலும் தொடர்கிறது. படம் இவ்வநீதியைக் கண்கூடாகக் காட்டுகிறது. ஆனால் அதை எதிர்க்கவில்லை. எக்தோர் பிழைப்பது அவரை நினைக்க ஒரு குடும்பம் இருந்தமையால். சிச்சரோனுக்கு யாரும் இல்லை. கதையும் அவரை மறந்து மேலே செல்கிறது.

நினைவுகூரப்படவேண்டும் என்னும் ஏக்கம் மனிதனுக்குப் பொதுவானது. சிலுவையில் தொங்கிய கள்வனும் தன்னை நினைக்கும்படியே வேண்டினான். ஆனால் அவன் வேண்டியது தன் குடும்பத்தாரையன்று. அவனுக்குப் படம் வைத்துப் பூச்சூட்ட எவரேனும் இருந்ததாகவும் தெரியவில்லை. உறவும் புகைப்படமும் கல்லறையும் அற்றோரின் நினைவைக் கடவுள் தாங்குகிறார் என்பதே திருச்சபையின் அறிக்கை. அனாதையாய் இறந்தோரை அடக்கம் செய்யும் ஆயர் ஒவ்வொருவரும் இவ்வறிக்கையைத் தம் கைகளால் செய்கிறார். நினைவே வாழ்வு எனில், மறக்கப்பட்ட ஏழை இருமுறை சாகிறான்.

2. 'எ மான்ஸ்டர் கால்ஸ்': உண்மையைச் சொல்லும் துன்பம்

இப்படத்திற்கு மூலமான புதினத்தின் கருவை உருவாக்கியவர் ஷிவான் டௌட் என்னும் எழுத்தாளர். மார்பகப் புற்றுநோயால் அவர் 2007-இல் இறந்தார். அவர் விட்டுச்சென்ற கருவைக் கொண்டு பாட்ரிக் நெஸ் எழுதிய நூல் 2011-இல் வெளியாயிற்று, ஜே. ஏ. பயோனா அதைத் திரைப்படமாக்கினார்.

கோனர் என்னும் சிறுவனின் தாய் புற்றுநோயால் நலிந்துவருகிறாள். அவன் வீட்டிலிருந்து பார்த்தால் தெரியும் ஆலய முற்றத்துக் கல்லறைகளிடையே பெரியதொரு யூ மரம் நிற்கிறது. இங்கிலாந்தின் பழைய ஆலய முற்றங்களில் பெரிதும் காணப்படும் மரம் இது. இரவு பன்னிரண்டு மணி ஏழு நிமிடத்துக்கு அம்மரம் அரக்க உருக்கொண்டு நடந்து வருகிறது. தான் மூன்று கதைகள் சொல்வதாகவும், நான்காவதை, அதாவது அவன் மறைக்கும் உண்மையை, அவனே சொல்லவேண்டும் என்றும் அது கூறுகிறது.

அவற்றுள் இரண்டாம் கதை ஊழியர் அனைவரும் கேட்கவேண்டியது. போதகர் ஒருவர், பழைய முறைகளைப் பின்பற்றும் கடுகடுத்த மருந்து வணிகர் ஒருவரை எதிர்த்துப் பிரசங்கிக்கிறார்; மருந்துக்கு வேண்டிய யூ மரத்தையும் தர மறுக்கிறார். பின்னர்ப் போதகரின் இரு பெண்மக்களும் நோயுறவே, தம் நம்பிக்கைகள் அனைத்தையும் கைவிடுவதாகக் கூறி அவ்வணிகரிடம் கெஞ்சுகிறார். வணிகர் மறுக்கிறார், பிள்ளைகள் இறக்கின்றனர். அரக்கன் அழிப்பது வணிகரின் வீட்டையன்று, போதகரின் வீட்டையே. வசதியாயிருக்கும்வரை மட்டும் பற்றிக்கொள்ளும் நம்பிக்கை நம்பிக்கையன்று என்பது அதன் தீர்ப்பு. இத்தீர்ப்பு கொடியது, பிள்ளைகளுக்காகக் கெஞ்சும் தந்தையை எவரும் எளிதில் குற்றப்படுத்த இயலாது. எனினும் பிரசங்க பீடத்தில் ஏறுவோர் இதைக் கேட்டுவிட்டு உடனே தம்மை நியாயப்படுத்தாதிருப்பது நலம்.

கோனர் மறைக்கும் உண்மை யாது? கனவில் தொங்கும் தாயின் கையைப் பற்றியிருக்கும் அவன், தாங்கமாட்டாமல் கைவிடுகிறான். தாயின் துன்பம் முடியவேண்டும், அதனால் தன் துன்பமும் முடியவேண்டும் என்று அவன் விரும்பியிருக்கிறான். அவ்விருப்பமே தாயைக் கொல்கிறது என்று அஞ்சி, தண்டனையைத் தேடி அலைகிறான். பாட்டியின் கூடத்தை உடைத்து நொறுக்குகிறான். பள்ளியில் ஒருவனை அடிக்கிறான். பெரியவர்களோ இரங்கி, தண்டிக்காது விட்டுவிடுகின்றனர். அவ்விரக்கம் அவனை மேலும் தனிமையாக்குகிறது. ஏனெனில் எவரும் அவனை உண்மையாகப் பார்க்கவில்லை. நெடுநாள் நோயுற்றோரின் வீடுகளைச் சந்திக்கும் ஆயர்கள், இவ்வுள்ளக் குற்றவுணர்வைப் பெரியவரிடத்தும் கண்டிருப்பர்.

அவனை விடுவிப்பது ஆறுதல் மொழியன்று. உண்மையைத் தன் வாயால் சொல்லும் செயலே. ஈண்டு யோபின் நூலை நினைவுகூர்தல் தகும். கடவுளைக் காக்கும் நோக்கோடு அழகாகப் பேசிய நண்பர்கள் கண்டிக்கப்படுகின்றனர். கசந்து முறையிட்ட யோபே சரியாகப் பேசினவன் என்று தீர்க்கப்படுகிறான். 88-ஆம் சங்கீதமோ இருளிலேயே முடிகிறது. இப்படியும் செபிக்கலாம் என்று நம் ஓய்வுநாள் பாடசாலையில் எந்தச் சிறுவனுக்கேனும் கற்பித்துள்ளோமா?

படத்தில் குறையும் உண்டு. தாய் இறக்குந் தறுவாயில் கோனர் அவளைப் பற்றிக்கொள்வதோடு நூல் நின்றுவிடுகிறது. படமோ, தாயின் பழைய ஓவியப் புத்தகத்தில் அதே அரக்கனின் உருவத்தை அவன் காணும் காட்சியொன்றைச் சேர்த்து நம்மை ஆற்றி அனுப்புகிறது. உண்மையின்முன் நின்ற ஒரு படைப்பு, கடைசி நொடியில் ஆறுதலின் பக்கம் சாய்ந்துவிட்டது எனலாம்.

3. 'பினோக்கியோ': கீழ்ப்படிதலும் சாகும் தன்மையும்

1883-இல் நூலாக வந்த கோல்லோதியின் கதையில், அடங்காத மரப்பாவை அடங்கிய பிள்ளையாகி மனிதனாகிறது. தெல் தோரோவும் மார்க் குஸ்டாப்ஸனும் இதைத் தலைகீழாக்கியுள்ளனர். கதை முசோலினியின் இத்தாலியில் நிகழ்கிறது. தச்சரான ஜெப்பெட்டோ ஊர் ஆலயத்தில் சிலுவையுருவைச் செதுக்கிக்கொண்டிருந்த நாளில், முதல் உலகப்போரின் விமானம் ஒன்று வீசிய குண்டு அவ்வாலயத்தின்மேல் விழுந்து அவருடைய மகன் கார்லோ மாண்டான். அவன் கல்லறையருகே வளர்ந்த பைன் மரத்தைத் துயரவெறியில் வெட்டி அவர் செதுக்கியதே பினோக்கியோ.

ஆலயத்திற்குள் வந்த அப்பாவையைப் பேயென்று சபையார் விரட்டுகின்றனர். பின்னொரு காட்சியில் சிலுவையுருவை நோக்கும் பினோக்கியோ, அவரும் மரத்தால் ஆனவர்தாமே, அவரை விரும்பும் மக்கள் தன்னை ஏன் வெறுக்கின்றனர் என்னும் பொருள்பட வினவுகிறான். திருச்சபையை நோக்கித் திரைப்படம் எழுப்பிய வினாக்களுள் இதனினும் எளியதும் கூரியதும் அரிது. அடங்கி நடக்கும் பிள்ளைகளைப் போர்முனைக்குப் பயிற்றும் அரசையும், அதனருகே அமைதியாய் நிற்கும் குருவையும் படம் ஒருசேரக் காட்டுகிறது. கீழ்ப்படிதலைச் சிறுவருக்குரிய முதற்புண்ணியமாகக் கற்பிப்போர், யாருக்குக் கீழ்ப்படிதல் என்ற கேள்வியையும் உடன் கற்பிக்க இப்படம் தூண்டுகிறது.

பினோக்கியோ பலமுறை சாகிறான். மரப்பாவையாதலின் மீண்டும் எழுகிறான். இறுதியில் நீரில் மூழ்கும் தந்தையைக் காக்கக் காலம் போதாமையால், தன் சாகாமையைத் துறந்து திரும்புகிறான். இத்தன்னளிப்பு நம் உள்ளத்தைத் தொடுவது இயல்பே. ஆனால் படம் இதிலிருந்து வரையும் முடிவு, வாழ்வு குறுகியதாயிருப்பதாலேயே அருமையுடையது என்பது. இதனை நாம் அப்படியே ஏற்க இயலவில்லை. முதிர்ந்து இறந்தோருக்கு இது பொருந்தலாம். குண்டுக்கு இரையான கார்லோவுக்கு எவ்வாறு பொருந்தும்? அவன் வாழ்வின் குறுமை அதன் அழகன்று. அது ஒரு கொடுமை. லாசருவின் கல்லறையருகே இயேசு கண்ணீர்விட்டார். மரணம் வாழ்வுக்கு மெருகூட்டுகிறது என்று அங்கே அவர் போதிக்கவில்லை. பவுலும் மரணத்தைப் பகைவனென்றே எண்ணினார்.

முடிவுரை

இம்மூன்றனுள் எமக்குச் சிறந்ததாகத் தோன்றுவது இரண்டாவதே. 'கோகோ' மரணத்தை நினைவால் வெல்ல முயல்கிறது. 'பினோக்கியோ' அதை வாழ்வின் இயல்பாக ஏற்கச் செய்கிறது. 'எ மான்ஸ்டர் கால்ஸ்' மட்டும் அதன்முன் உண்மையோடு நிற்கக் கற்பிக்கிறது. உயிர்த்தெழுதலின் நற்செய்தியை இப்படங்கள் அறிவிப்பதில்லை, அப்பணி அவற்றினுடையதுமன்று. ஆனால் அந்நற்செய்தி எந்த இடத்தில் சொல்லப்படவேண்டுமோ, அந்த இடத்திற்கு அவை சிறுவரை அழைத்துச்சென்று நிறுத்தியுள்ளன.

இப்படங்களைச் சபையில் திரையிட்டு நீதிபோதனை எடுப்பதைவிட, துக்க வீட்டில் நாம் செய்யத்தக்கவை உள. சிறுவரை அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிடாது அடக்க ஆராதனையில் இருக்கவிடலாம். இறந்தாள் என்ற சொல்லை அஞ்சாது சொல்லலாம். அவர்கள் கோபங்கொண்டால் கோபங்கொள்ள விடலாம். யோபின் நண்பர்கள் ஏழு நாள் பேசாதிருந்தபோது செய்த பிழை ஒன்றுமில்லை. வாய் திறந்தபின்னரே பிழைத்தனர். துயருற்ற பிள்ளையின் அருகே அத்தகைய மௌனத்தோடு அமர நாம் கற்றபின், நம் நம்பிக்கையைப் பற்றிச் சொல்ல ஏற்ற வேளையும் வரும்.