கே.பி. சுந்தராம்பாளும் நம் மாணவர்களின் ஔவையாரும்

படிவம் நான்கு, ஐந்து மாணவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்து, "ஔவையாரை வருணித்து ஐந்து வரி எழுதுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். நரைத்த முடி, நெற்றி நிறையத் திருநீறு, வெள்ளைச் சேலை, கையில் கோல், கணீரென்ற குரல். முக்கால்வாசித் தாள்களில் இதுதான் வரும். இந்த வருணனை எந்தச் செய்யுளிலிருந்தும் வந்ததல்ல. பிள்ளைகள் எழுதுவது கே.பி. சுந்தராம்பாளைப் பற்றி. அவர் பெயரே தெரியாத பிள்ளைகள்கூட அவரைத்தான் எழுதுகிறார்கள்! ஜொகூரில் தைப்பூசம் வந்தால் கோயில் ஒலிபெருக்கியில் அவர் குரல் கேட்கும். விழாக்காலத்தில் தொலைக்காட்சியைத் திறந்தால் பழைய பக்திப் படத்தில் அவர் முகம் தெரியும். அதற்குமேல் பிள்ளைகளுக்கு என்ன வேண்டும்?

ஒரு நடிகை, ஒரு புலவரின் முகத்தையே எடுத்துக்கொண்டுவிட்டார். இதை நாம் பாராட்டுவதா, திருத்துவதா? இரண்டுமே செய்ய வேண்டியிருக்கிறது என்பது என் கருத்து. அதற்கு முதலில் அந்த நடிகை யாரென்று சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டுரைகளில் நாம் வழக்கமாக எழுதும் சுந்தராம்பாள் பாதி ஆள்தான்.

வழக்கமான கதை உங்களுக்குத் தெரியும். 1908இல் காவிரிக்கரை ஊரான கொடுமுடியில் பிறந்தார். வறுமை. சிறு வயதிலேயே ரயிலில் பாடினார். வேலு நாயர் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். நாடகத்துக்காகக் கொழும்பு போனார். அங்கே செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவோடு சேர்ந்து நடித்தார், 1927இல் அவரை மணந்தார். 1933 டிசம்பரில் கிட்டப்பா 27 வயதில் இறந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது 25. அன்றிலிருந்து வெள்ளைச் சேலை, நகையில்லை, எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்ற உறுதி. இங்கே வந்ததும் நம் கட்டுரைகள் கண்ணீர் வடித்து, "கணவன்மேல் கொண்ட பக்திக்கு எடுத்துக்காட்டு" என்று முடித்துவிடும்.

இது பொய்யில்லை. ஆனால் இதோடு நிறுத்தினால் ஒரு கலைஞரை வெறும் விதவைக் கோலமாக்கி விடுகிறோம். கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர். சாதியும் வேறு. அந்த உறவு சுலபமானதாக இருந்ததில்லை. சுந்தராம்பாள் அவருக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் அச்சில் வந்தன. அவற்றில் அன்பு இருக்கிறது, கோபமும் மனத்தாங்கலும் கூடவே இருக்கின்றன. சண்டை போடத் தெரிந்த, மனசு நொந்தால் அதைச் சொல்லவும் தெரிந்த ஒரு பெண் எழுதிய கடிதங்கள் அவை. நாம் வகுப்பில் காட்டும் பொம்மைக்கும் அவருக்கும் தூரம் அதிகம்.

இப்போது அந்த உறுதியை வேறு பக்கமிருந்து பாருங்கள். ஜோடியாக நடிக்கமாட்டேன் என்று ஒரு நடிகை சொல்லிவிட்டால் சினிமாவில் அவருக்கு என்ன வேடம் மிச்சமிருக்கும்? காதலி, மனைவி, நாயகனுக்காக அழுகிறவள், இவையெல்லாம் போய்விடும். வேறொருவராக இருந்தால் அத்தோடு வாழ்க்கை முடிந்திருக்கும். சுந்தராம்பாள் என்ன செய்தார்? 1935இல் 'நந்தனார்' படத்தில் ஆண் வேடம் போட்டார், அதுவும் தலைப்பு வேடம். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். இந்தியத் திரையுலகில் அந்நாளில் யாரும் நினைத்துக்கூடப் பார்க்காத தொகை. (மாணவர்கள் இந்த ஒரு லட்சத்தை மட்டும் மறக்காமல் எழுதுவார்கள், பரவாயில்லை.)

'நந்தனார்' பற்றி இலக்கிய மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பெரியபுராணத்தில் வரும் திருநாளைப்போவார் கதையில் நந்தனைத் தடுக்கும் வேதியர் என்ற பண்ணையார் கிடையாது. அவரைச் சேர்த்தவர் 19ஆம் நூற்றாண்டில் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை எழுதிய கோபாலகிருஷ்ண பாரதியார். படம் பாரதியார் வழியில் போனது. வேதியராக நடித்தவர் பெரிய சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். நாடக மேடையிலிருந்து வந்த ஒரு பெண், தாழ்த்தப்பட்ட ஆணாக வேடமிட்டு நிற்கிறார். கதை முடிவில் வித்துவானின் வேதியர் அவரைப் பணிய வேண்டும். 1935இல் இது சாதாரணக் காட்சியா? படமாகப் பார்த்தால் அது பெரிதாகச் சோபிக்கவில்லை என்பது வேறு விஷயம். கல்கி தம் விமர்சனத்தில், மனிதர்களைவிடப் பனைமரமும் எருமையும் ஆட்டுக்குட்டியும் நன்றாக நடித்திருப்பதாகக் கிண்டலடித்தார். கிண்டலில் நியாயம் இல்லாமலில்லை. அந்தக் காலப் படங்கள் நாடகத்தை அப்படியே கேமராவுக்கு முன்னால் நிறுத்தின. நடிப்பைப் பாட்டுத்தான் தாங்கியது.

அந்தப் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. மைக் இல்லாத கொட்டகையில், கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் சொல் கேட்க வேண்டும். அந்தத் தேவையில் பழகிய குரல் அது. உச்ச சுருதியில் போகும்போதும் மெய்யெழுத்து தேயாது. ழகரம் ழகரமாக, றகரம் றகரமாக வந்து விழும். வாய்மொழித் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் ஆசிரியர்கள் இதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். நான் சொல்லிச் சொல்லிப் புரியவைக்க முடியாத லகர ளகர ழகர வேறுபாட்டை அவர் பாட்டு இரண்டு நிமிடத்தில் புரியவைத்துவிடும். இப்போதைய பாடல்களைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். மைக் வந்தபின் குரல் கிசுகிசுக்கலாம், அது வேறு அழகு. ஆனால் உச்சரிப்புப் பாடத்துக்கு அது உதவாது.

1940இல் 'மணிமேகலை'யில் துறவி. 1953இல் ஜெமினி வாசன் எடுத்த 'ஔவையார்'. 1964இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள். 1965இல் 'திருவிளையாடல்' படத்திலும் 1967இல் 'கந்தன் கருணை'யிலும் மறுபடியும் ஔவை. 1973இல் 'காரைக்கால் அம்மையார்'. பட்டியலைப் படித்துவிட்டுப் போய்விடாதீர்கள், அதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. இந்த வேடங்கள் எதற்கும் பக்கத்தில் ஒரு நாயகன் தேவையில்லை. எல்லாமே பேசும் அதிகாரம் உள்ள பெண்கள். மன்னனுக்குப் புத்தி சொல்கிறார்கள், ஏன், கோபித்துக்கொண்டு மலையேறி நிற்கும் முருகனுக்கே புத்தி சொல்கிறார்கள். தமிழ்ப் படத்தில் பெண் என்றால் கெஞ்சுகிறவள் என்றிருந்த காலத்தில், கட்டளையிடும் பெண் என்ற இடத்தை உண்டாக்கியவர் இவர். விரதம் பல கதவுகளை அடைத்தது உண்மை. இந்தக் கதவைத் திறந்தது அவருடைய தொழில் அறிவு. இதைக் கட்டுரையில் எழுதுங்கள், மாணவர்களே. கண்ணீரைவிட இது வலுவான கருத்து.

திரைக்கு வெளியேயும் அப்படித்தான். காங்கிரஸ் மேடைகளில் பாடிக் கூட்டம் சேர்த்தவர் 1951இல் சென்னை சட்ட மேலவை உறுப்பினரானார். இந்தியாவில் சட்டமன்ற அவை ஒன்றில் இடம்பெற்ற முதல் திரைக்கலைஞர் என்று அவரைத்தான் சொல்வார்கள். அப்படிப்பட்ட காங்கிரஸ்காரர், முருக பக்தர், கலைஞர் கருணாநிதியின் வசனத்தில் சமணத் துறவியாக நடித்தார் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

இனி திருத்த வேண்டிய பக்கத்துக்கு வருவோம். 1953 படத்தில் இளம்பெண் ஔவை, திருமணப் பேச்சு வந்ததும் பிள்ளையாரிடம் வேண்டித் தன் இளமையை இழக்கிறாள். இளம்பெண்ணாக நடிப்பவர் வேறொருவர். முதுமை வந்த பிறகுதான் சுந்தராம்பாள் திரைக்குள் நுழைகிறார். இருபது ஆண்டு கழித்து 'காரைக்கால் அம்மையார்' படத்திலும் இதே ஏற்பாடு. இளம் புனிதவதியாக லட்சுமி, அழகு நீங்கிய பின் சுந்தராம்பாள். பெரியபுராணத்தில் அம்மையார் வேண்டிப் பெறுவது பேய் வடிவம், முதுமையல்ல. சினிமாவுக்கு அந்த வேறுபாடு பெரிதாகப் படவில்லை. நரை விழுந்தால்தான் ஒரு பெண் ஊருக்குப் புத்தி சொல்லலாம் என்பது அதன் கணக்கு. 25 வயதில் நகையைக் கழற்றிவைத்த ஒருவரின் சொந்த வாழ்க்கை இந்தக் கணக்குக்கு ரொம்ப வசதியாகப் பொருந்திப்போனது. வேடத்துக்கும் ஆளுக்கும் இடைவெளி தெரியாமல் போனது அதனால்தான். அதுவே அவருடைய வெற்றி. நம் வகுப்பறைச் சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

ஏனென்றால் சங்க கால ஔவையார் அப்படியில்லை. சங்கத் தொகையில் அவர் பெயரில் 59 பாடல்கள் இருக்கின்றன. புறநானூறு 89ஆம் பாடலை எடுத்துப் பாருங்கள். பகை மன்னன் ஒருவன் தன்னை எப்படி அழைத்தான் என்று அவரே சொல்கிறார். நகை அணிந்தவள், மை தீட்டிய கண்ணாள், ஒளிவீசும் நெற்றியாள், இளமை தோன்றும் விறலி! கோல் எங்கே, நரை எங்கே? 95ஆம் பாடலில் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் போய், அவன் படைக்கலங்களைப் புகழ்வதுபோலவே இகழ்ந்துவிட்டு வருகிறார். அதியமான் இறந்தபோது பாடிய 235ஆம் பாடலில், கள் கொஞ்சமாக இருந்தால் எங்களுக்கே தருவான், நிறைய இருந்தால் சேர்ந்து குடித்துப் பாடவைப்பான் என்று புலம்புகிறார். இந்தப் பெண்ணை வெள்ளைச் சேலை, திருநீறு கோலத்தில் பிள்ளைகளால் பொருத்திப் பார்க்க முடியவில்லை. "டீச்சர், ஔவையார் கள் குடிப்பாரா?" என்று அதிர்ச்சியாகக் கேட்கிறார்கள்.

ஆத்திசூடியும் கொன்றை வேந்தனும் தந்த ஔவை பல நூற்றாண்டு பிந்தியவர். தொடக்கப்பள்ளியில் பிள்ளைகள் மனனம் செய்தது அவரை. முருகனோடு வாதாடும் ஔவை தனிப்பாடல், செவிவழிக் கதைகளின் ஔவை. இவர்களையெல்லாம் ஒன்றாக்கியது சினிமா என்று பழி போட முடியாது. கதை சொல்லிகள் முன்பே கலந்துவிட்டார்கள். பாரியின் மகள்களுக்குத் திருமணம் செய்துவைத்த பொறுப்பு கபிலரிடமிருந்து ஔவையிடம் போனதும் அப்படித்தான். ஆனால் கதையில் கலந்திருந்தவரை ஆளுக்கொரு உருவத்தை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். படம் வந்து ஒரே முகத்தைக் கொடுத்துவிட்டது. யானைக் கூட்டம் கோட்டையை மோதி உடைக்கும் அந்தப் பிரமாண்டத்துக்கு நடுவே அந்த முகம் கல்லில் செதுக்கியதுபோல் பதிந்துவிட்டது. தேர்வில் சங்கப் பாடல் வினாவுக்கு ஆத்திசூடி ஔவையை எழுதி மதிப்பெண்ணை விடுகிறவர்கள் இதனால்தான் விடுகிறார்கள்.

'திருவிளையாடல்' வந்த 1965இல் நடிகர் வாயசைக்க, வேறொருவர் பாடுவதே வழக்கமாகிவிட்டது. சுந்தராம்பாளும் டி.ஆர். மகாலிங்கமும் மட்டும் பழைய நாடக மேடை வழக்கப்படி தாங்களே பாடி நடித்தார்கள். இதில் ஒரு வேடிக்கை: 1969இல் 'துணைவன்' படத்துக்காக அவருக்குக் கிடைத்த தேசிய விருது சிறந்த பின்னணிப் பாடகிக்கானது! யாருக்கும் பின்னால் நின்று பாடாதவருக்கு அரசாங்கத்தில் வேறு பெட்டி இல்லை போலும். 1970இல் பத்மஸ்ரீ, 1980இல் மறைவு.

வகுப்பில் நான் செய்வதைச் சொல்கிறேன், பிடித்தால் செய்து பாருங்கள். முதலில் புறநானூறு 89ஐ உரையோடு படிக்கவைக்கிறேன். பாடியவர் பெயரை மறைத்துவிட்டு, இந்தப் பெண்ணுக்கு என்ன வயதிருக்கும், என்ன உடுத்தியிருப்பாள் என்று வரையவோ எழுதவோ சொல்கிறேன். பிறகு பெயரைச் சொல்கிறேன். வகுப்பு ஒரு நிமிடம் சலசலக்கும். அதன் பிறகுதான் 'திருவிளையாடல்' தொடக்கத்தில் வரும் பழனிக் காட்சியைப் போட்டு, இந்த அம்மாள் யார், ஏன் இப்படி வந்து நிற்கிறார் என்று கொடுமுடியிலிருந்து கதையை ஆரம்பிக்கிறேன். வரிசையை மாற்றாதீர்கள். படத்தை முதலில் போட்டால் அந்தக் குரலுக்கு முன்னால் புறநானூறு எடுபடாது.