ஏதென்ஸ் ஒரு ஆளா?

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் ஒரு படம் வரைந்து காட்டினாள். கையில் சுருளோடு வாய் ஓயாமல் பேசுகிற ஒல்லிப் பையன் ஏதென்ஸ். கேடயத்தோடு முறைத்துக்கொண்டு நிற்பவன் ஸ்பார்ட்டா. பணப்பையோடு ஓரமாக நிற்பவன் கொரிந்து. 'ஹெட்டாலியா' என்கிற ஜப்பானிய காமிக்ஸ் வந்த பிறகு நாடுகளை ஆட்களாக வரைவது இந்த வயதுப் பிள்ளைகளுக்குச் சகஜம். படம் நன்றாகவே இருந்தது. ஆனாலும் ஏதோ உறுத்தியது. என்ன என்று யோசித்ததன் விளைவே இந்தக் குறிப்பு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது இன்றைய விளையாட்டு இல்லை. கி.மு. 472இல் மேடையேறிய எஸ்கிலஸின் 'பாரசீகர்கள்' நாடகத்தில் அரசி ஒரு கனவு காண்கிறாள். பாரசீகமும் கிரேக்கமும் அதில் சகோதரிகளாக, இரண்டு பெண்களாக வருகிறார்கள். சாமோஸ் தீவினரைக் கௌரவித்து ஏதென்ஸ் வெட்டிய கல்வெட்டின் மேல், ஏதென்ஸுக்காக ஆதீனாவும் சாமோஸுக்காக ஹீராவும் கைகுலுக்குகிறார்கள்.

என் மகளின் படத்துக்கு மூலம் என்று ஒன்றைச் சொல்லணும்னா, அது துசிடிடீஸ் எழுதிய வரலாற்றின் முதல் புத்தகம்தான். கி.மு. 432இல் கொரிந்தியத் தூதர்கள் ஸ்பார்ட்டாவில் பேசுகிறார்கள். ஏதெனியர்கள் புதுமை விரும்பிகள், துணிச்சல்காரர்கள், வீடு தங்காதவர்கள். நீங்களோ கையில் இருப்பதைக் காப்பாற்றினால் போதும் என்று உட்கார்ந்திருப்பவர்கள் என்கிறார்கள். கச்சிதமான குணச்சித்திரம். துசிடிடீஸே எட்டாம் புத்தகத்தில் இதே ஒப்பீட்டுக்குத் திரும்பி, மெதுவாக நகரும் ஸ்பார்ட்டா ஏதென்ஸுக்கு மிக வசதியான எதிரியாக இருந்தது என்கிறார். ஆக, இந்த மாடல் ஓரளவு வேலை செய்கிறது.

ஆனால் பேசியது யார், எதற்காக என்று பாருங்க. கொரிந்துக்கு ஏதென்ஸோடு சொந்தப் பகை இருந்தது. ஸ்பார்ட்டாவைச் சீண்டிப் போருக்கு இழுக்கவே அந்த வர்ணனை. அடுத்து நடந்ததுதான் சுவாரசியம். மன்னர் ஆர்கிடாமஸ் நிதானம் வேண்டும் என்கிறார். அதிகாரி ஸ்தெனெலைடாஸ் போர் வேண்டும் என்கிறார். குரல் எழுப்பி வாக்களிப்பது அங்கே வழக்கம். எந்தக் குரல் பெரிது என்று தெரியவில்லை எனச் சொல்லி, அவர் ஆட்களை இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்கச் சொல்கிறார். போர்க்கட்சிக்கே பெரும்பான்மை. 'ஸ்பார்ட்டா முடிவெடுத்தது' என்று நாம் எழுதும் ஒரு வரிக்குள் எதிர்ப்பக்கம் போய் நின்றவர்கள் காணாமல் போகிறார்கள். ஹெலட் அடிமைகளுக்கோ நிற்க ஒரு பக்கமே கிடையாது.

கி.மு. 427இல் இது உயிர்ப் பிரச்சினை ஆனது. கலகம் செய்த மிட்டிலீனின் ஆண்களையெல்லாம் கொல்ல ஏதென்ஸ் சபை தீர்மானித்துக் கப்பலும் அனுப்பிவிட்டது. மறுநாள் மனம் உறுத்த, மீண்டும் விவாதம். கிளியோன் கொல் என்கிறான், டயோடோட்டஸ் வேண்டாம் என்கிறான். ஏறக்குறைய சமமாக எழுந்த கைகளில் டயோடோட்டஸ் பக்கம் ஜெயிக்கிறது. ஒரு பகல் ஓர் இரவு பிந்திப் புறப்பட்ட இரண்டாவது கப்பலில், ஒயினும் எண்ணெயும் பிசைந்த பார்லி மாவைத் தின்றுகொண்டே துடுப்பு வலித்தார்கள்; முறைவைத்துத் தூங்கினார்கள். முதல் கப்பலோ, போகிற காரியம் பிடிக்காமல் மெதுவாகவே போயிருக்கிறது. ஆணையைத் தளபதி படித்து முடித்த நேரத்தில் இரண்டாவது கப்பல் வந்து சேர்ந்தது. ஊர் பிழைத்தது. கலகத்துக்குக் காரணமானவர்கள் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது தனிக்கதை.

இதில் எந்தக் கப்பல் 'ஏதென்ஸ்'?

புரோகிராம் எழுதுகிறவனுக்குப் பல விஷயங்களை ஒரே ஆப்ஜெக்டாகச் சுருக்குவது கைவந்த பழக்கம். சுருக்கும்போது எதை மறைக்கிறோம் என்று தெரிந்திருந்தால் தப்பில்லை. ஊரை ஒரு ஆளாக்கினால், மாற்றிக் கைதூக்கியவன் மறைந்துபோகிறான். மிட்டிலீனைக் காப்பாற்றியது அவன்தான். துசிடிடீஸ் பெரும்பாலும் 'ஏதென்ஸ்' என்று எழுதுவதில்லை, 'ஏதெனியர்கள்' என்றே எழுதுகிறார். அந்தப் பன்மையைத் தொலைத்துவிடக் கூடாது என்பதே என் கட்சி.

மகளிடம் சொன்னேன். ஏதென்ஸுக்கு இன்னொரு தலை வரைந்து கொண்டுவந்தாள். இரண்டும் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.