ராட்சசனும் முந்நூற்று எழுபத்தைந்து கிராமும்

ஒரு சின்னக் கணக்கோடு ஆரம்பிப்போம். பயப்படாதீர்கள், எட்டாங்கிளாஸ் கணக்குதான்.

247 டன் எடையுள்ள ஒரு ரயில் இன்ஜினை 87-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் என்ன எடை இருக்கும்? 'சுமார் 2.8 டன்' என்று வகுத்துச் சொன்னீர்கள் என்றால் தப்பு. நீளம் மட்டுமா சுருங்குகிறது? அகலமும் உயரமும்கூடத்தானே! 87-ஐ மூன்று தடவை பெருக்குங்கள். ஆறரை லட்சத்துக்கு மேல் வரும். அதால் வகுத்தால், விடை 375 கிராம். அரை லிட்டர் பால் பாக்கெட்டைவிடக் குறைச்சல்.

நான் சொல்லும் ராட்சசன், அமெரிக்காவின் யூனியன் பசிபிக் ரயில்வேக்காக ஜெனரல் மோட்டார்ஸின் எலெக்ட்ரோ மோட்டிவ் பிரிவு 1969 முதல் 1971 வரை செய்துகொடுத்த டி.டி.ஏ.40எக்ஸ். செல்லப் பெயர் 'சென்டினியல்', அதாவது நூற்றாண்டு. அந்த நாட்டின் கிழக்கையும் மேற்கையும் இணைத்த ரயில் பாதை, யூட்டா மாநிலத்தின் பிரமான்டரியில் 1869 மே 10 அன்று முடிந்தது. அதற்கு நூறாவது வருஷ மரியாதை.

நீளம் 30 மீட்டர். ஒரே உடம்புக்குள் 16 சிலிண்டர் டீசல் எந்திரங்கள் இரண்டு. மொத்தம் 6,600 குதிரைசக்தி. நம் ஊரில் பல வருஷம் எக்ஸ்பிரஸ்களை இழுத்துக்கொண்டு ஓடியதே டபிள்யூ.டி.எம்-2, அதன் சக்தி 2,600. நீளம் 17 மீட்டர். இப்போது புரிகிறதா, எப்பேர்ப்பட்ட ஆசாமி இவன் என்று?

இந்த ஆசாமியை அதர்ன், பாக்மன் போன்ற கம்பெனிகள் 87-ல் ஒரு பங்காக்கி விற்றிருக்கின்றன. 'ஹெச்.ஓ.' என்று அதற்குப் பெயர். நீளம் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர், ஓடும் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம், சாம்பார் பொடிக்குக்கூட எழுதுகிறோம். மாடலுக்கு எழுதினால் என்ன?

முதலில் பாராட்டு. நல்ல மாடல்களில் வெளித்தோற்றம் அசத்தல். யூனியன் பசிபிக்கின் அந்த மஞ்சள், கூரையில் சாம்பல், சிவப்பு எழுத்து, கூரை மேல் வரிசையாக மின்விசிறிகள், கம்பி கம்பியாகக் கைப்பிடிகள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் பொடி எழுத்தெல்லாம் படிக்க முடியும். ஷோகேஸில் நிற்கும்வரை குறை சொல்ல வாயே வராது.

ஓடவிட்டால்தான் வில்லங்கம். புதுசாக மாடல் வாங்குகிறவர்கள் வழக்கமாகப் போடும் வட்டத் தண்டவாளத்தின் ஆரம் 18 அங்குலம். அதை 87-ஆல் பெருக்கினால், நிஜ உலகில் 40 மீட்டர். முப்பது மீட்டர் நீள ராட்சசனை நாற்பது மீட்டர் ஆர வளைவில் திருப்புவதா? டிராம் வண்டி திரும்பும் வளைவு சார் அது! மலைப்பாதையில் கடுமையான வளைவு என்று சொல்லும் 175 மீட்டர் ஆரத்தையே நியாயமாகச் சுருக்கினால், வீட்டில் நாலு மீட்டர் குறுக்களவுக்கு வட்டம் போடவேண்டும். ஹாலில் சோபாவைத் தூக்கி வெளியே போட்டாலும் போதாது. சின்ன வளைவிலேயே மாடலை ஓட்டினால் மூக்கு ஒரு பக்கம் வெளியே நீட்டிக்கொள்கிறது, இடுப்பு இன்னொரு பக்கம் உள்ளே இழுத்துக்கொள்கிறது. கம்பீரம் போய், பஸ்ஸில் சீட் கிடைக்காமல் சாய்ந்து நிற்கிறவரைப்போல ஆகிவிடுகிறான் பாவம்.

சத்தம்? விலை கூடிய மாடல்களில் அதுவும் உண்டு. ஆனால், கட்டைவிரல் அளவு ஸ்பீக்கர் எவ்வளவு கத்தினாலும், 16 சிலிண்டர் எந்திரம் நெஞ்சுக்கூட்டை அதிரவைக்கும் அந்த அடிச்சத்தம் அதிலிருந்து வராது. இதற்கு யாரையும் திட்ட முடியாது, விட்டுவிடலாம்.

நான் திட்ட நினைப்பது வேறு ஒன்றை. மேல்மூடியைக் கழற்றிப் பாருங்கள். நிஜத்தில் இரண்டு டீசல் எந்திரங்கள். அவை தரும் மின்சாரத்தில் எட்டு அச்சுக்கும் தனித்தனியாக எட்டு மோட்டார். மாடல்களிலோ பெரும்பாலும் நடுவில் ஒரே ஒரு மோட்டார், இரண்டு பக்கமும் தண்டு, பல்சக்கரம். இந்த ராட்சசன் பிறந்ததே 'ஒன்றுக்குள் இரண்டு' என்ற யோசனைக்காக. அந்த யோசனையே உள்ளே இல்லை!

அந்த யோசனையின் கதையும் கேளுங்கள். பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு இதில்தான் ருசி. இரண்டு இன்ஜின் வாங்குவதற்குப் பதில் ஒன்றையே இரட்டிப்பாக்கினால் ஒரு சட்டம் மிச்சம், டிரைவர் கேபின் ஒன்று மிச்சம். பேப்பரில் பிரமாதம். ஆனால், உள்ளே ஒரு எந்திரத்துக்கு ஜுரம் வந்தால் 30 மீட்டர் உடம்பும் சேர்ந்து ஷெட்டில் படுத்துக்கொள்ளும். தனித்தனி இன்ஜின் என்றால் ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதை வேலைக்கு அனுப்பலாம். இந்த மாடலை யூனியன் பசிபிக் தவிர வேறு எந்த ரயில்வேயும் வாங்கவில்லை. மொத்தம் 47-தான். எண்பதுகளின் நடுவில் ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

அப்படியானால் வெட்டிச் செலவா? அங்கேதான் சுவாரஸ்யம். பெயரின் கடைசியில் வரும் அந்த 'எக்ஸ்' என்பது பரிசோதனையைக் குறிக்கும். மின் கட்டுப்பாட்டை எல்லாம், கெட்டால் உருவிப் போட்டு மாற்றக்கூடிய எலெக்ட்ரானிக் அட்டைகளாக அமைத்து இதில்தான் சோதித்துப் பார்த்தார்கள். அந்த ஏற்பாடுதான் 1972-ல் வந்த 'டேஷ் 2' வரிசைக்குப் போனது. அதில் எஸ்.டி.40-2 என்று ஒரு சாதாரண இன்ஜின், 3,000 குதிரைசக்தி. பார்க்க ஒரு கவர்ச்சியும் கிடையாது. ஏறக்குறைய 4,000 செய்து தள்ளினார்கள். அமெரிக்கச் சரக்கில் பாதியை இதுதான் இழுத்ததோ என்று நினைக்கும் அளவுக்கு எங்கும் நிறைந்திருந்தது.

ஆக, ராட்சசனிடம் தோற்றுப்போனது எதுவோ, அந்த உடம்பை மாடல்காரர்கள் ஆணி ஆணியாக நகல் எடுக்கிறார்கள். ஜெயித்தது எதுவோ, அந்த அலமாரியின் கதவுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து மூடிவிடுகிறார்கள். அதைத் திறந்து காட்டும் ஒரு கதவு வைக்கலாம். டப்பாவோடு ஒரு பக்கக் குறிப்பாவது போடலாம். 'உலகிலேயே பெரியது' என்று எழுத மட்டும் டப்பா மேல் எப்படியோ இடம் கிடைத்துவிடுகிறது!

வாங்குகிற எண்ணம் இருந்தால், பக்கத்தில் நிறுத்த ஒரு எஸ்.டி.40-2 மாடலும் சேர்த்து வாங்குங்கள். அதுவும் கிடைக்கிறது. நிஜத்தையே பார்க்க ஆசை என்றால், 47-ல் பத்துக்கு மேல் பிழைத்துக் கிடக்கின்றன. அதில் 6936 என்ற எண்ணுள்ளதை யூனியன் பசிபிக் ரொம்ப வருஷம் தன்னிடமே ஓடும் நிலையில் வைத்திருந்தது. 2022-ல் இல்லினாய் மாநிலத்தின் சில்விஸ் ஊரில் இருக்கும் ஒரு ரயில் பாரம்பரிய அமைப்புக்குத் தானமாகக் கொடுத்துவிட்டது. அங்கே வளைவைப் பற்றிக் கவலை இல்லை. ஷெட் பெரிசு.