ஓனுப்ரியின் செந்நிறம்

அல்பேனிய நாட்டின் பெராட் நகரில், ஓசும் ஆற்றங்கரைக் குன்றின்மேல் பழங்கோட்டை ஒன்றுள்ளது. அதனுள் இன்றும் மக்கள் குடியிருக்கின்றனர். அங்கே, பழைய கோயிலொன்றின் அடித்தளத்தின்மீது 1797இல் எழுப்பப்பெற்ற தூய மரியன்னை பேராலயமே இந்நாளில் ஓனுப்ரி திருவுருவ ஓவிய அருங்காட்சியகமாக விளங்குகின்றது.

1967இல் அல்பேனியப் பொதுவுடைமை அரசு எல்லாச் சமயங்களையும் தடைசெய்து, ஆலயங்களையும் பள்ளிவாசல்களையும் மூடிற்று. அதே அரசுதான் 1986இல் இவ்வருங்காட்சியகத்தைத் திறந்தது. இம்முரண்பாடு வியப்புக்குரியதே, எனினும் அதன் காரணம் விளங்காததன்று. வழிபாட்டுப் பொருள் என்னும் நிலையில் இடமிழந்த படங்கள், நாட்டின் கலைச்செல்வம் என்னும் பெயரால் இடம்பெற்றன. அதற்கு ஒரு கலைஞன் தேவைப்பட்டான். 16ஆம் நூற்றாண்டில், துருக்கியர் ஆட்சிக் காலத்தில் வாழ்ந்த ஓனுப்ரி அவ்விடத்தில் நிறுத்தப்பட்டார்.

ஓனுப்ரி ஒரு சமயகுரு. அவர் தம் ஓவியங்களில் பெயர் பொறித்ததுண்டு. ஆயினும் தனிமனிதக் கற்பனையைக் காட்டுவது அவர் சார்ந்த ஆர்த்தடாக்ஸ் மரபின் நோக்கமன்று. மரப்பலகையில் வெண்சாந்து பூசி, பொன்தகடு ஒட்டி, முட்டைக்கருவில் குழைத்த வண்ணத்தால் வழிவழி வந்த உருவத்தையே ஓவியர் எழுதினர். படத்திற்குச் செய்யும் வணக்கம் படத்தில் எழுதப்பட்டவரைச் சென்றடையும் என்பது 787இல் நைசியாவில் கூடிய திருச்சபைப் பேரவையின் முடிபு. ஆகவே அப்பொன் வெறும் பின்னணி நிறமன்று; விண்ணுலக ஒளியே பொன்னாகத் தீட்டப்பட்டது.

இங்கு வருவோரிடம் பெரிதும் பேசப்படுவதோ ஓனுப்ரியின் செந்நிறம். அதன் கலவை இரகசியம் அவரோடு மறைந்தது என்று சொல்வது மரபாகிவிட்டது. நிறம் அழகியதுதான், ஐயமில்லை. ஆயினும் அந்நிறத்தை மட்டும் போற்றுவது, ஒரு புலவனை ஒரேயோர் உவமைக்காக நினைவுகூர்வதை ஒக்கும். அச்செம்மை தனித்து நிற்பதன்று. பொன்னொளியின் நடுவே ஆடையாய் அமைந்து, காண்பவன் கண்ணைத் திருமுகத்தின்பால் செலுத்துவதே அதன் தொழில். சமயத்தை விலக்கிக் கலையை மட்டும் வைத்துக்கொள்ள முயன்றபோது, எஞ்சியது ஒரு வண்ணத்தின் புகழ் மட்டுமே.

இக்குறையை ஓரளவு ஈடுசெய்வது கட்டடமே எனலாம். பிற நாட்டு அருங்காட்சியகங்கள் பலவற்றில் இத்தகைய படங்கள் வெற்றுச் சுவரில் தொங்குகின்றன. இங்கோ, மக்கள் நிற்கும் பகுதியையும் பலிபீடப் பகுதியையும் பிரிக்கும் சித்திர வேலைப்பாடமைந்த மரத்தடுப்பு, பொன் மெருகோடு தன் பழைய இடத்திலேயே நிற்கின்றது. படங்கள் எதற்காக எழுதப்பட்டன என்பதை எந்த விளக்கப் பலகையையும்விட அத்தடுப்பே தெளிவாக உணர்த்துகின்றது. ஓனுப்ரியையும் அவர் மகன் நிக்கோலாவையும் கற்க விழையும் மாணவன் முதலில் நிற்கவேண்டிய இடம் அதன் முன்புதான். கண்ணாடிப் பேழைகளைப் பின்னர்ப் பார்க்கலாம்.

1990இல் சமயத் தடை நீங்கிற்று. அல்பேனிய ஆலயங்கள் பலவற்றில் மீண்டும் விளக்கேற்றப்பட்டது. பெராட் பேராலயம் அருங்காட்சியகமாகவே நீடிக்கின்றது.