பக்கத்தில் இருந்தால் போதுமா?

போன மாதம் ஒரு ராத்திரி எங்கள் தெருவில் இன்டர்நெட் போய்விட்டது. கரண்ட் இருந்தது, வீட்டு வைஃபை ரவுட்டரும் வேலை செய்தது. ஆனால் போனிலிருந்து பெட்ரூம் பல்பை அணைக்க முடியவில்லை. போனும் பல்பும் ஒரே வைஃபையில்தான் இருக்கின்றன, நடுவில் ஆறடி தூரம். ஆனாலும் நான் அனுப்புவது முதலில் எங்கோ இருக்கிற சர்வருக்குப் போய்த் திரும்பி வந்தால்தான் பல்பு கேட்குமாம். எழுந்து போய் சுவர் சுவிட்சைத் தட்டிவிட்டுப் படுத்தேன். மறுநாள், பல வருஷம் முன்னால் படித்த ஒரு கட்டுரையைத் தேடி எடுத்து மறுபடி வாசித்தேன். இந்தக் குறிப்பு அதைப் பற்றி.

மகாதேவ் சத்யநாராயணன் எழுதிய 'தி எமர்ஜன்ஸ் ஆஃப் எட்ஜ் கம்ப்யூட்டிங்', ஐஇஇஇ கம்ப்யூட்டர் இதழில் 2017 ஜனவரியில் வந்தது. சென்னை ஐஐடியில் படித்து, கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். எட்ஜ் கம்ப்யூட்டிங், தமிழில் விளிம்புக் கணிமை, என்ன என்று யாராவது கேட்டால் நான் இன்றைக்கும் இதைத்தான் படிக்கச் சொல்வேன். கருத்து எளிமையானது: தொலைவில் இருக்கும் பெரிய டேட்டா சென்டருக்கு எல்லாவற்றையும் அனுப்பாமல், கருவிகளுக்குப் பக்கத்திலேயே ஒரு குட்டி டேட்டா சென்டரை வைப்பது. அதற்கு அவர் வைத்த பெயர் கிளவுட்லெட். 2009லேயே சக ஆய்வாளர்களோடு சேர்ந்து இதை முன்மொழிந்துவிட்டார்.

நான்கு நன்மைகளைச் சொல்கிறார்: தாமதம் குறையும், நெட்வொர்க் மீதான சுமை குறையும், அந்தரங்கத்தைக் காக்கலாம், கிளவுட் விழுந்தாலும் சமாளிக்கலாம்.

முதல் இரண்டில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஃபைபருக்குள் ஒளி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 200 கி.மீ. போகும். 2000 கி.மீ. தள்ளி இருக்கும் சர்வருக்குப் போய்வர மட்டுமே 20 மில்லிசெகண்ட் ஆகிவிடும். எவ்வளவு காசு கொட்டினாலும் அதைக் குறைக்க முடியாது, சர்வரைத்தான் பக்கத்தில் கொண்டுவரணும். கேமரா விஷயமும் அப்படித்தான். நாள் முழுக்க எடுத்த வீடியோவை அனுப்புவதற்குப் பதிலாக, "வாசலில் ஆள் வந்தார்" என்ற ஒரு வரியை அனுப்பினால் போதும்.

சிக்கல் மூன்றாவதிலும் நான்காவதிலும்தான். இந்த இரண்டுக்கும் பக்கத்தில் இருப்பது மட்டும் போதாது. அந்தப் பெட்டி யார் சொல்வதைக் கேட்கும் என்பதுதான் கேள்வி.

அந்தரங்கத்தை எடுத்துக்கொள்வோம். சென்சார் தகவல் கிளவுடுக்குப் போகும் முன்பே, பயனர் நம்பும் கிளவுட்லெட் அதை வடிகட்டிவிடும் என்கிறார். சரி, "நம்பும்" என்றால் என்ன அர்த்தம்? அமேசான் எக்கோ கருவிகள் சிலவற்றில், பேசிய ஒலிப்பதிவை வெளியே அனுப்பாமல் கருவிக்குள்ளேயே புரிந்துகொள்ளும் வசதி இருந்தது. அமெரிக்காவில், ஆங்கிலத்துக்கு மட்டும். 2025 மார்ச் 28 முதல் அந்தத் தேர்வை நிறுவனம் நீக்கிவிட்டது. பெட்டி அதே மேசைமேல் அதே இடத்தில்தான் இருக்கிறது. தூரம் ஒரு அங்குலம்கூட மாறவில்லை. மாறியது முடிவு மட்டும், அதை எடுத்தது வீட்டுக்காரர் இல்லை.

நான்காவது நன்மை இன்னும் சுவாரசியம். கிளவுட் சேவை கிடைக்காதபோது, அது திரும்பும்வரை கிளவுட்லெட் அந்தக் குறையை மறைத்துத் தாக்குப்பிடிக்கும் என்பது அவர் வாதம். 2021 டிசம்பர் 7 அன்று அமேசானின் கிளவுட் தடுமாறியபோது, ரூம்பா ரோபோவையும் ரிங் கதவுமணியையும் ஆப் வழியாக இயக்க முடியாமல் பலர் தவித்தார்கள். அந்த மாதிரி நாளுக்கு இவர் சொல்வது சரியான மருந்து.

ஆனால் கவனியுங்கள், இந்தப் படத்தில் கிளவுட் தற்காலிகமாகத்தான் விழுகிறது. கடையைக் கட்டிக்கொண்டு போகும் கிளவுடோ, மனசு மாறும் கிளவுடோ இதில் இல்லை. நிஜத்தில் நடந்ததைப் பாருங்கள். ரிவால்வ் என்று ஒரு ஹப். விலை சுமார் 300 டாலர். வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து விளக்கு, பூட்டு எல்லாவற்றையும் இணைக்கும் பெட்டி. கிளவுட்லெட்டின் சின்னத் தம்பி என்றே சொல்லலாம். 2014இல் நெஸ்ட் அந்த நிறுவனத்தை வாங்கியது, 2016 மே 15 அன்று சேவையை நிறுத்தியது. பழுதே இல்லாத பெட்டி அன்றோடு உதவாத பெட்டி ஆனது. ஆக, சத்யநாராயணன் கட்டுரை வெளிவருவதற்கு எட்டு மாதம் முன்னாலேயே இந்தப் பாடம் கண்முன் இருந்தது.

இதில் எனக்கு வருத்தம் தருவது, இதற்கான விதை அவர் கையிலேயே இருந்தது என்பதுதான். ஜேம்ஸ் கிஸ்லரோடு சேர்ந்து 1990களின் தொடக்கத்தில் அவர் உருவாக்கியது கோடா கோப்பு முறையின் 'தொடர்பற்ற இயக்கம்'. சர்வர் கைக்கு எட்டாதபோது, முன்கூட்டியே சேர்த்துவைத்த கோப்புகளை வைத்து உங்கள் கணினி வேலையைத் தொடரும். இணைப்பு திரும்பியதும் மாற்றங்களை சர்வரிடம் ஒப்படைக்கும். அங்கேயும் இறுதி அதிகாரம் சர்வருக்குத்தான். ஆனால் அந்த சர்வர் உங்கள் பல்கலைக்கழகத்துடையது. அது உங்களை விட்டுவிட்டு விற்பனைக்குப் போகாது. அந்த நிம்மதியான சூழலில் பிறந்த சிந்தனையை, கருவியை விற்றவனே சர்வரையும் வைத்திருக்கும் சந்தைக்கு அப்படியே கொண்டுவந்ததுதான் கட்டுரையின் ஓட்டை என்று நினைக்கிறேன்.

"அப்போ எல்லாத்தையும் நம்ம கையிலேயே வெச்சுக்கலாமா?" என்று கேட்பீர்கள். அதுவும் சும்மா வராது. 2016இல் மிராய் என்ற தீநிரல், ஆரம்பக் கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்து அடியாள் படை ஆக்கியது. அக்டோபர் 21 அன்று டின் நிறுவனத்தின் மீது நடந்த தாக்குதலில் ட்விட்டர் உட்படப் பல தளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. பெட்டி நம்முடையது என்றால் அதற்கு அப்டேட் போடும் பொறுப்பும் நம்முடையது. எல்லாராலும் முடியாது, ஒத்துக்கொள்கிறேன். இப்படிச் சிதறிக் கிடக்கும் கருவிகளைப் பராமரிப்பது கஷ்டம் என்பதை சத்யநாராயணனும் மறைக்கவில்லை.

ஆனால் பராமரிப்பு வேறு, அனுமதி வேறு. அப்டேட் வெளியிலிருந்து வரட்டும். பல்பை அணைக்க வெளியே போய் அனுமதி கேட்கக் கூடாது. இது நடக்காத காரியமும் இல்லை. ஹோம் அசிஸ்டென்ட் என்ற திறமூல மென்பொருளை வீட்டிலேயே ஒரு சின்னக் கணினியில் ஓட்டுபவர்கள் நிறையப் பேர். 2022இல் வந்த மேட்டர் தரநிலையும் வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே கருவிகள் நேராகப் பேசிக்கொள்ள வழி செய்கிறது.

எனவே அந்த நான்கோடு நான் ஒரு சோதனையைச் சேர்ப்பேன். ரவுட்டரில் இன்டர்நெட் வயரைப் பிடுங்குங்கள், வைஃபை ஓடட்டும். இப்போது எது வேலை செய்கிறதோ அதுதான் உங்களுடையது. என் வீட்டில் செய்து பார்த்தேன். ஆறு கருவிகளில் இரண்டு தேறின, பல்பு தேறவில்லை. அடுத்த பல்பு வாங்கும்போது அட்டைப்பெட்டியில் 'ஸ்மார்ட்' என்ற வார்த்தையைத் தேட மாட்டேன். இன்டர்நெட் இல்லாமலும் எரியுமா, அணையுமா என்றுதான் கடைக்காரரிடம் கேட்பேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாலும் பரவாயில்லை.