இணைத்தேர்வு ஆய்வும் பத்துவகை ஒப்பும்

அகப்பாடல்களைப் பரிணாம உளவியல் வழி விளக்க முற்படுவோர்க்கு டேவிட் பஸ் 1989-இல் வெளியிட்ட இணைத்தேர்வு ஆய்வு அடிப்படைச் சான்றாகும். 33 நாடுகளைச் சார்ந்த 37 குழுக்களில் 10,047 பேரிடம் திரட்டிய விடைகளைக் கொண்டு, ஆடவர் இளமையையும் அழகையும், மகளிர் பொருள்வளத்தையும் மிகுதியாக விழைகின்றனர் என அவர் நிறுவினார். மகப்பேற்றுத் திறனும் குழந்தை வளர்ப்பிற்குரிய ஆதரவும் இவ்வேறுபாட்டின் காரணங்களாகக் கூறப்பெற்றன.

இவ்வேறுபாடே பெரிதும் எடுத்தாளப்பெறுகின்றது. ஆனால் அதே ஆய்வுத்திட்டத்தின் மற்றொரு பகுதி 1990-இல் வெளிவந்தது. அதன்படி அன்பு, நம்பகமான குணம், உணர்ச்சி முதிர்ச்சி, இனிய இயல்பு ஆகியவற்றையே இருபாலாரும் முதன்மையாகக் கருதினர். தொல்காப்பிய மெய்ப்பாட்டியலோடு ஒப்பிடுதற்கு உரியது இப்பகுதியே. அங்குக் கூறப்பெறும் பத்துவகை ஒப்பு தலைவனுக்கு ஒன்று, தலைவிக்கு ஒன்று எனப் பிரிக்கப்பெறவில்லை. குடிப்பிறப்பு, உருவம், செல்வம் என்பவற்றோடு அருளும் உணர்வும் ஒருசேர வைக்கப்பெற்றுள்ளன. அடுத்த நூற்பா விலக்கத்தக்க குணங்களைத் தொகுக்கின்றது. அவற்றுள் பொறாமை, கொடுமை, வன்சொல் ஆகியன இன்றைய ஆளுமை உளவியலார் கூறும் இணக்கப் பண்பிற்கும், சோம்பல் பொறுப்புணர்விற்கும் மாறானவை.

எனினும் ஒப்பு என்பது முழுச் சமன்மையன்று. தலைவன் உயர்ந்தவனாயினும் குற்றமில்லை எனக் களவியல் இடந்தருகின்றது. தலைவிக்கு அவ்விடம் இல்லை. இறையனார் அகப்பொருளுரை தலைவனுக்குப் பதினாறும் தலைவிக்குப் பன்னிரண்டும் ஆண்டெனக் கொள்கின்றது. பஸ்ஸின் ஆய்வில் ஆடவர் ஏறத்தாழ 2.66 ஆண்டு இளையோரையும், மகளிர் 3.42 ஆண்டு மூத்தோரையும் விரும்பினர். பரிணாம விளக்கத்திற்கு இதனினும் வாய்ப்பான இடம் அரிது. ஆனால் இவ்விடத்திலேதான் சமூக அமைப்பின் தாக்கமும் தெளிவாகப் புலப்படுகின்றது. 45 நாடுகளில் நிகழ்த்தி 2020-இல் வெளியிட்ட ஆய்வு, அழகு, பொருள் பற்றிய விருப்ப வேறுபாடுகளை மீண்டும் உறுதிசெய்தது. ஆயினும் பால் சமத்துவம் மிகும் நாடுகளில் இணையரின் வயது இடைவெளி குறைதலையும் காட்டிற்று. 1999-இல் ஈக்லியும் வுட்டும் பஸ்ஸின் தரவுகளையே மறுஆய்வு செய்து சமூகப் பங்குகளை வலியுறுத்தியமை இங்கு நினைக்கத்தக்கது.

மேலும், தொல்காப்பியம் மக்களிடம் வினவித் தொகுத்த பட்டியலன்று. புலனெறி வழக்கின் இலக்கணம். பரிணாம உளவியல் பெரிதும் வலியுறுத்தும் ஆணின் பாலியல் பொறாமைக்கு ஐந்திணையில் இடமே இல்லை. பரத்தையிற் பிரிவும் தலைவியின் ஊடலுமே மருதத்தில் பாடுபொருளாயின. தலைவியின் கற்பு ஐயுறப்படுதல் ஐந்திணைக்குரிய துறையாக வகுக்கப்பெறவில்லை. இவ்விடுபாட்டை அக்கால ஆடவரின் மனவியல்பாகக் கொள்ளுதல் பொருந்தாது. மரபு எதனைப் பாடவொட்டாது நிறுத்தியது என்றே ஆராய்தல் வேண்டும்.